வக்கீல் வராத நாள்

நீதிமன்ற வாசல் டீக்கடைகளில் தினமும் காதில் விழும் புலம்பல் ஒன்று உண்டு: "வக்கீல் வரலையாம், மறுபடியும் வாய்தா." சொல்பவர் செய்யாறிலிருந்தோ திருத்தணியிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து வந்தவராக இருப்பார். ஒரு நாள் கூலி போயிருக்கும், வந்த வேலையும் நடந்திருக்காது. அவருடைய கோபத்தில் தப்பே இல்லை. ஆனால் வராத வக்கீலின் அப்பா அன்றைக்கு ஐசியூவில் இருக்கலாம். குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். அவருடைய விவாகரத்து வழக்கே அன்றைக்கு வேறொரு ஹாலில் கூப்பிடப்படலாம். ஊரார் சண்டையைச் சுமக்கிறவருக்குச் சொந்தச் சண்டை வந்தால் என்ன ஆகிறது என்பதை டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம். உங்கள் கேஸ் கட்டு எங்கே பத்திரமாக இருக்கிறது, எங்கே ஆபத்தில் இருக்கிறது என்பதும் அப்போது தானே விளங்கிவிடும்.

முதலில் ஒரு வக்கீல் ஆபீஸ் எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம். சென்னையில் தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, ஆர்மேனியன் தெருப் பக்கம் போனால் மாடிப்படி ஓரமெல்லாம் பெயர்ப்பலகைகள். உள்ளே ஒரு சீனியர், இரண்டு மூன்று ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா. பெரிய கம்பெனிகளுக்கு வேலை செய்யும் 'லா ஃபர்ம்'களில் பங்குதாரர்களும் சம்பளக்காரர்களும் இருப்பார்கள். ஆனால் நிலத் தகராறு, ஜீவனாம்சம், செக் மோசடி, அடிதடி என்று சாதாரண மனிதர்கள் கொண்டுபோகும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த மாதிரிச் சின்ன ஆபீஸ்களில்தான் இருக்கின்றன.

மறுநாள் எந்தெந்த வழக்கு வருகிறது என்று காட்டும் 'காஸ் லிஸ்ட்' முந்தின நாள் மாலை வரும். அதிலிருந்து வேலை தொடங்குகிறது. எந்த ஹாலில் எத்தனையாவது நம்பர், எது வாதம், எது வெறும் தேதி வாங்குவது என்று பிரிப்பார்கள். உயர் நீதிமன்றமும் சிட்டி சிவில் கோர்ட்டும் குடும்பநல நீதிமன்றங்களும் ஒரே வளாகத்தில் இருப்பது ஒரு வசதி. ஆனால் எழும்பூரிலும் சைதாப்பேட்டையிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் இருக்கின்றன. பத்தரை மணிக்கு எல்லா இடத்திலும் நீதிபதிகள் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஆகவே வீட்டில் எந்தத் துன்பமும் இல்லாத சாதாரண நாளிலேயே இந்த ஆபீஸ்கள் இழுத்துப் பிடித்துத்தான் ஓடுகின்றன. சீனியர் இன்னொரு ஹாலில் மாட்டிக்கொண்டால் ஜூனியர் எழுந்து 'பாஸ் ஓவர்' கேட்பார். வழக்கைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம். நீதிபதி தலையசைத்தால் சீனியருக்கு அரை மணி நேரம் கிடைத்தது.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருகிறது. அப்போது சட்டம் என்ன சொல்கிறது?

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆம் ஆணை வாய்தாவைப் பற்றியது. 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஒரு வழக்கின் விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கிடையாது. வக்கீல் வேறொரு கோர்ட்டில் இருக்கிறார் என்பதைக் காரணமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. சரி, வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்றால்? அதற்கும் தனியாக ஒரு விதி இருக்கிறது. வக்கீலின் நோயையோ வர முடியாத வேறு காரணத்தையோ சொன்னால், கட்சிக்காரர் அதற்குள் இன்னொரு வக்கீலை அமர்த்திக்கொண்டிருக்க முடியாது என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டுமே வாய்தா தரலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். சாட்சி வந்து நிற்கிறார், குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய வக்கீல் வரவில்லை என்றால், குறுக்கு விசாரணை இல்லாமலேயே சாட்சியத்தை முடித்துவிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. கோர்ட் பாஷையில் இதற்குக் 'கிராஸ் நில்' என்று பெயர். சாட்சி சொன்னதெல்லாம் கேள்வி கேட்பாரில்லாமல் பதிவாகிவிடும். அந்தச் சாட்சியை மறுபடி கூண்டில் ஏற்றத் தனி மனு, தனிச் செலவு, தனித் தேதி.

இந்த மூன்று வாய்தாக் கட்டுப்பாட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம்தான். 2005-ல் வந்த தீர்ப்பு, கட்டுப்பாட்டைச் செல்லும் என்றே சொன்னது. ஆனால் மனித சக்திக்கு மீறிய சூழ்நிலையில் மூன்றைத் தாண்டியும் வாய்தா தரலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. அதற்கு அந்தத் தீர்ப்பு காட்டிய உதாரணங்கள் போபால் விஷவாயு, குஜராத் பூகம்பம், சுனாமி. ஒரு வக்கீலின் வீட்டில் விழும் இடி அந்த வரிசையில் வருமா என்பது அன்றைக்கு மேடையில் இருக்கும் நீதிபதியின் மனசைப் பொறுத்தது.

ஆக, எழுதப்பட்ட சட்டத்தில் வக்கீலின் துக்கத்துக்கு இடம் மிகவும் குறைவு. அப்படியிருந்தும் தினமும் காரியம் நடக்கிறது. காரணம், எழுதப்படாத சில பழக்கங்கள். காலையில் கோர்ட் தொடங்கியதும் ஜூனியர் எழுந்து நிலைமையைச் சொல்லி 'மென்ஷன்' செய்வார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முந்தின நாளே தகவல் போயிருக்கும். அவர் எழுந்து, "நோ அப்ஜெக்‌ஷன், மை லார்ட்" என்பார். ஒரு வருஷமாக அனல் பறக்க வாதாடிக்கொண்டிருக்கும் இருவருக்கிடையே இந்த ஒரு மரியாதை அநேகமாகத் தவறுவதில்லை. நாளைக்குத் தன் வீட்டிலும் இதே போன் வரலாம் என்பது எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரியும். கட்சிக்காரர்கள் சிலர் இதைப் பார்த்துவிட்டு, "நம்ம வக்கீல் அந்தப் பக்கம் சேர்ந்துட்டார்" என்று சந்தேகப்படுவார்கள். அதில் உண்மை இல்லை. ஒரு தேதியை விட்டுக்கொடுப்பது வழக்கை விட்டுக்கொடுப்பது ஆகாது.

இந்தப் பழக்கம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. உத்தராகண்ட் மாநிலத்தில் டேராடூன் உள்ளிட்ட சில மாவட்டங்களில் வக்கீல்கள் முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாகச் சனிக்கிழமை தோறும் கோர்ட்டைப் புறக்கணித்து வந்தார்கள். இரங்கல் என்ற பெயரிலும் பல வேலை நாட்கள் போயின. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைச் சட்டவிரோதம் என்று கண்டித்தது. ஒருவர் துக்கத்துக்கு அவருடைய வழக்கைத் தள்ளிவைப்பது மனிதத்தன்மை. ஊர் வழக்கையெல்லாம் நிறுத்துவது வேறு. அதன் விலையை விடியற்காலை பஸ்ஸில் வந்தவர்தான் கொடுக்கிறார்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். எல்லா வாய்தாவும் ஒன்றல்ல. 'கவுண்டர் (எதிர்மனு) போட', 'உத்தரவுக்காக' என்று நிற்கும் வழக்கு ஒரு தேதி தள்ளிப் போனால் நஷ்டம் பஸ் கட்டணம்தான். ஆனால் வக்கீலின் வீட்டில் என்ன நடந்தாலும் காத்திருக்காத நாட்கள் சில இருக்கின்றன.

கைதாகிச் சிறையில் இருக்கிறவரின் வழக்கைப் பாருங்கள். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 நாளிலோ 90 நாளிலோ போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை. போதைப்பொருள் வழக்குகள் சிலவற்றில் அந்தக் கெடு 180 நாள். இதில் ஒரு கொக்கி உண்டு. கெடு முடிந்த பிறகு, குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால் மனு போட்டுவிட வேண்டும். குற்றப்பத்திரிகை முந்திவிட்டால் அந்த உரிமை போய்விடும். சென்னை போதைப்பொருள் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் 2019-ல் ஒரு வழக்கு. 180 நாள் ஜனவரி 31-ஆம் தேதி முடிந்தது. பிப்ரவரி 1 காலை பத்தரைக்கே ஜாமீன் மனு தாக்கலாகிவிட்டது. மத்திய வருவாய்ப் புலனாய்வுத் துறை தன்னுடைய குற்றப் புகாரைக் கொண்டுவந்தபோது அதே நாள் சாயங்காலம் 4.25. சிறப்பு நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ஜாமீனைத் திருப்பிக் கொடுத்தது. மனு முதலில் வந்துவிட்டது என்பதுதான் காரணம். அன்று காலை அந்த ஆபீஸில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போய், 'நாளைக்குப் போட்டுக்கலாம்' என்று இருந்திருந்தால் அந்த மனிதர் உள்ளேயே இருந்திருப்பார்.

கடன் வழக்கிலும் இப்படித்தான். கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம் காலவரையறை. நடுவில் வட்டியோ அசலோ வரவு வைக்கவில்லை, கடனை ஒப்புக்கொண்டு எழுதித் தரவும் இல்லை என்றால் அந்த மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். அப்பீலுக்குத் தாமதமானால் மன்னிப்புக் கேட்டு மனுப் போடலாம். காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. ஆனால் முதல் வழக்கைத் தாக்கல் செய்வதற்கு அந்த மன்னிப்பு பொருந்தாது. கடைசி நாள் கோர்ட் விடுமுறை என்றால் திறக்கும் நாளில் போடலாம். வக்கீல் வீட்டில் சாவு என்றால் போட முடியாது. செக் திரும்பி வந்த வழக்கில், பாங்கிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அது எதிராளி கைக்குக் கிடைத்து 15 நாள் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். புகாரில் தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸில் தாமதமானால் அப்படிக் கேட்க வழியில்லை. செக் இன்னும் காலாவதி ஆகாமல் இருந்தால் மறுபடி பாங்கில் போட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இந்தக் கெடுவெல்லாம் வக்கீலின் தலையில்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதும் ஓடும். அதோடு, சுமக்கிற விஷயத்தின் கனம் வேறு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்கான போக்சோ வழக்கில் ஒரு குழந்தையின் வாக்குமூலத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் குழந்தைக்குச் சோறு ஊட்ட வேண்டும். என்ன ஆயிற்று என்று கேட்கும் மனைவியிடமோ கணவரிடமோ வழக்கைப் பிரித்துச் சொல்லவும் முடியாது. கட்சிக்காரர் வக்கீலிடம் தொழில்முறையில் சொன்ன ரகசியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. முன்பு சாட்சியச் சட்டத்தில் இருந்த அந்த விதி, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்‌ஷிய அதிநியத்தின் 132-ஆம் பிரிவில் இருக்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடரும். குமாஸ்தாவுக்கும் அது பொருந்தும். அதனால் இந்த ஆபீஸ்களில் மனசு விட்டுப் பேசக்கூடிய ஆள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு வக்கீல் மட்டும்தான்.

சொந்த வாழ்க்கையே கோர்ட்டுக்கு வந்துவிட்டால் இன்னும் சங்கடம். சென்னையில் ஒரு வக்கீலுக்கு விவாகரத்து என்றால், அவர் தினமும் நடக்கிற அதே வளாகத்தில் அவர் பெயரைக் கூப்பிடுவார்கள். குடும்பநல நீதிமன்றச் சட்டம், 1984-இன்படி வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே உரிமையாகக் கேட்கக்கூடிய விஷயமல்ல. கோர்ட் அனுமதித்தால்தான். தரப்பில் ஒருவர் கேட்டாலும் விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் வாசலில் காத்திருக்கும்போது நாலு ஜூனியர்கள் "குட் மார்னிங் சார்" சொல்லிவிட்டுப் போவதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது.

உறவுக்காரர்களின் வழக்கு இன்னொரு தலைவலி. சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் பாகப்பிரிவினைச் சண்டை, நடுவில் வக்கீல் தம்பி. அந்தச் சம்பவங்களுக்குத் தானே சாட்சியாகக் கூண்டேற வேண்டிவரும் என்று தெரிந்தால் அந்த வழக்கை எடுக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. நெருங்கிய உறவினர் நீதிபதியாக இருந்தால் அவர் முன்னால் ஆஜராகவும் கூடாது. இவற்றை மதித்து ஒதுங்கினால், 'வீட்டுப் பிள்ளை கைவிட்டுட்டான்' என்ற பேச்சு கல்யாண வீடுகளில் சுற்றும்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். வழக்காடும் வக்கீலுக்கு மாதச் சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, பென்ஷன் இல்லை. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்வதும் விதிப்படி தடை. வராத நாள் வருமானம் இல்லாத நாள். சீனியருக்காவது பழைய ஃபீஸ் ஏதாவது வந்துகொண்டிருக்கும். ஜூனியர் பாடுதான் மோசம். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024 ஜூனில் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை விட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 கொடுங்கள் என்றது. அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே பழைய நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். பெண் வக்கீல்களுக்கு இன்னும் ஒரு படி சிரமம். சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. ஆனால் அது ஊழியர்களுக்கு. தனியாகத் தொழில் செய்யும் வக்கீலை யாருக்கும் ஊழியர் என்று சொல்ல முடியாது. குழந்தை பிறந்து ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால், கட்டுகள் வேறு ஆபீஸுக்குப் போயிருக்கும்.

வக்கீல் இறந்தே போனால்? உங்களுக்காக ஆஜராக அவருக்கு நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த வக்காலத்து அன்றோடு முடிந்துவிடுகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3-ஆம் ஆணை அப்படித்தான் சொல்கிறது. வழக்கு சாகாது, உங்களுக்காக எழுந்து நிற்க ஆள் இருக்க மாட்டார். தமிழ்நாடு வழக்கறிஞர் நலநிதிச் சட்டம், 1987-இன்படி வக்காலத்தில் ஒட்டப்படும் ஸ்டாம்பிலிருந்து சேரும் நிதி அவர் குடும்பத்துக்கு உதவும். உங்கள் கட்டுக்கு உதவுவது ஒரே ஒரு விஷயம்: அந்த வக்காலத்தில் இரண்டாவதாக இன்னொரு வக்கீலின் பெயரும் கையெழுத்தும் இருப்பது. இருந்தால் மறுநாளே அவர் எழுந்து பேசலாம். மேலே சொன்ன நோய், சாவு, பிரசவம், இரண்டு ஹாலில் ஒரே நேரம் என்ற எல்லாத் தொல்லைக்கும் மருந்து அந்த இரண்டாவது கையெழுத்துதான். நெடுந்தூரப் பயணத்துக்கு மாற்று டிரைவர் இல்லாமல் கிளம்பும் டூரிஸ்ட் வேனில் நீங்கள் ஏற மாட்டீர்கள். ஒற்றைப் பெயர் வக்காலத்தும் அப்படிப்பட்டதே.

வக்கீல் வராமல் தீர்ப்பு எதிராகப் போய்விட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. ஒரு தரப்பு வராமலேயே சொல்லப்பட்ட 'எக்ஸ்பார்ட்டி' தீர்ப்பை ரத்து செய்யக் கோர 30 நாள் அவகாசம் உண்டு. வக்கீலின் தவறுக்குக் குற்றமறியாத கட்சிக்காரர் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று 1981-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதினார். வராத வக்கீலிடமே செலவுத்தொகையை வசூலிக்கவும் வைத்தார். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். எப்போதும் வக்கீல் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது என்று 1993-ல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது. வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. ஒழுங்கீனம் என்றால் பார் கவுன்சிலில் புகார் தரலாம். ஆபீஸை மாற்ற நினைத்தால், ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது. இது 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம்.

ஆகவே வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன், "சார், நீங்க வர முடியாத அன்னைக்கு யார் நிப்பாங்க?" என்று கேளுங்கள். நல்ல வக்கீலுக்கு இதில் கோபம் வராது. ஜூனியரைக் கூப்பிட்டு அறிமுகம் செய்துவைப்பார். அந்த ஜூனியரின் பெயர் வக்காலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் நம்பரையும் குமாஸ்தா நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வழக்குக்கு 16 இலக்க சிஎன்ஆர் எண் ஒன்று இருக்கும். அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதி தெரியும். கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். கெடு தேதி இருக்கிற வழக்கு என்றால் அந்தத் தேதியை நீங்களே காலண்டரில் வட்டம் போட்டு, ஒரு வாரம் முன்னால் போன் செய்யுங்கள். வக்கீல் வைக்கவே வசதியில்லை என்றால் 15100 என்ற இலவச எண்ணில் சட்ட உதவி ஆணையத்தைக் கூப்பிடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே அங்கே வக்கீல் தருவார்கள்.

அடுத்த முறை 'வக்கீல் வரலை' என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். அவருக்கு என்ன ஆயிற்று? நம் வழக்குக்கு யார் எழுந்து நின்றது? முதல் கேள்வி மனுஷனுக்கு, இரண்டாவது கட்டுக்கு. இரண்டாவதற்குப் பதில் இல்லாத ஆபீஸில், எவ்வளவு பெரிய பெயர்ப்பலகை இருந்தாலும், உங்கள் கட்டை வைக்காதீர்கள்.